லாரி குடிக்கும் நீர்

முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியன், லாரியின் எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். நான் எஞ்சின் வல்லுநன் அல்லன்; லாரி ஓட்டவும் அறியேன். ஆயினும், நான் பல்லாண்டுகள் வகுப்பிலே சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை, ஒரு பழைய டீசல் லாரி எனக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்தது. லாரியின் ரேடியேட்டரில் எதை ஊற்றவேண்டும், எந்த அளவில் கலக்கவேண்டும், ஏன் அவ்வாறு கலக்கவேண்டும் என்பனவே இன்று என் பேச்சின் பொருள்.

எங்கள் ஊர் எருமப்பட்டி. கொல்லிமலைக்கு அருகே, சமவெளியில் அமைந்த ஊர். 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வட்டாரம் இது. நாமக்கல் என்றதும் கோழிப்பண்ணையும் லாரியும் நினைவுக்கு வரும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் நிறைந்திருக்கின்றன. அண்டையிலுள்ள திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. ஆதலால், என்னிடம் படித்த பிள்ளைகளுள் பலர் இன்று ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் லாரி உரிமையாளராகவும் இருப்பதில் வியப்பொன்றுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதத்துக் காலையில், கொல்லிமலை மேலுள்ள ஒரு பள்ளி விழாவிற்கு நான் செல்லவேண்டியிருந்தது. பேருந்து தவறிவிட்டது. அப்போது செங்கல் ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்ட லாரியொன்று என் அருகே நின்றது. ஓட்டி வந்தவர் என் பழைய மாணவர். அந்த லாரியின் உரிமையாளரும் அவரே. 1990களில் செய்யப்பட்ட அந்த ஆறு சக்கர வண்டியைப் பலர் கைமாறிய பின், கடன் பெற்று வாங்கியிருந்தார். "ஏறிக்குங்க சார், நான் கொண்டுபோய் விடறேன்" என்று அன்போடு அழைத்தார். வண்டியில் கிளீனராக இருந்த இளைஞனும் எங்கள் பள்ளியிலே பத்தாம் வகுப்பு வரை படித்தவனே.

வழியிலே ஒரு தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார்கள். "நாள்தோறும் இப்படி ஊற்றுவதுண்டா?" என்று கேட்டேன். "ஆமாங்க சார். பழைய வண்டி, தண்ணி கொஞ்சம் குடிக்கும். பச்சைத் தண்ணிதானுங்களே, எதை ஊத்துனா என்னங்க?" என்றார். நானும் தலையசைத்துவிட்டுப் பேசாமலிருந்தேன். அன்று நான் பேசாமலிருந்ததை இன்றும் எண்ணி வருந்துகிறேன்.

காரவள்ளியிலிருந்து மலைமேல் ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாரம் ஏற்றிய லாரி அச்சாலையில் தாழ்ந்த கியரில் மெல்லத்தான் ஏறும். எஞ்சின் தன் முழு வலிவோடு உழைக்கும். வண்டி மெல்லச் செல்வதனால் முன்புறமிருந்து வரும் காற்றோ குறைவு. எஞ்சினுக்கு இதனினும் கடுமையான தேர்வு வேறில்லை. பாதி மலை ஏறுமுன்னரே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டினார்கள். அந்த இளைஞன் பதற்றத்தோடு கீழே குதித்து, துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். நாங்கள் தடுப்பதற்குள் கொதிநீரும் ஆவியும் சீறிப் பாய்ந்தன. அவன் வலக்கை முன்கையெல்லாம் வெந்துபோயிற்று.

வண்டியிலிருந்த குடிநீரையெல்லாம் அவன் கைமேல் தொடர்ந்து ஊற்றியபடி இருந்தேன். வழியே வந்த வேறொரு வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். இதற்கிடையில் உரிமையாளர் பதைபதைத்து, சூடு ஆறுமுன்னரே குளிர்ந்த நீரை எஞ்சினில் ஊற்றிவிட்டார். அதன் விலை மறுநாள் நாமக்கல் பட்டறையில் தெரிந்தது. எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல். ஹெட் கேஸ்கெட் கருகியிருந்தது. மனைவியின் நகை அடகுக் கடைக்குச் சென்றது. இளைஞனுடைய கை ஆறுவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின.

பட்டறையிலே நான் கண்ட காட்சியொன்று என் நெஞ்சைச் சுட்டது. ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பிரித்து மெக்கானிக் என்னிடம் காட்டினார். அதனடியில் வரிசையாக நிற்கும் மெல்லிய குழாய்களுள் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தன. வெண்மையும் துருநிறமும் கலந்த கற்போன்ற படிவு. "இதெல்லாம் போர்த் தண்ணி செஞ்ச வேலைங்க சார்" என்றார் அவர்.

அந்த வெண்படிவு எது என்று எனக்குத் தெரியாதா? கால்சியம் கார்பனேட்! நீரின் தற்காலிகக் கடினத்தன்மை, நிலையான கடினத்தன்மை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை ஒருமிக்கச் சொல்லவைத்தவன் நானன்றோ! லாரி உரிமையாளரும் அந்த இளைஞனும் அதை ஒப்பித்து மதிப்பெண் பெற்றவர்களே. ஆனால், அந்தக் கடின நீர் வேறெங்குமில்லை, அவர்கள் வாளியிலேயே இருக்கிறது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பாடத்தைச் சொன்னேன், பாடம் வாழும் இடத்தைச் சொல்லாமல் விட்டேன். அந்தக் குறையை ஒரு சிறிதேனும் தீர்த்துக்கொள்ளவே இன்று பேசுகிறேன்.

முதலில், எஞ்சினுக்கு நீர் எதற்கு என்று காண்போம். டீசலை எரிப்பதால் உண்டாகும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ, அதனினும் சற்று மிகுதியோதான் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பங்கை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் வாங்கிச் சென்று, ரேடியேட்டரின் வழியே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அவ்வாறு கொடுக்காவிடில் பிஸ்டன் உப்பிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் நின்றுபோகும்.

வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு நிகரான திரவம் அரிது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற 4.18 ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொண்டும் தான் மெல்லவே சூடாவது நீரின் சிறப்பு. விலை மலிவு, எங்கும் கிடைப்பது. ஆயினும் எஞ்சினுள்ளே அதற்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்று, 100 பாகையில் கொதித்துவிடும். இரண்டு, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். மூன்று, தான் வரும் வழியிலுள்ள பாறையையும் மண்ணையும் கரைத்துக்கொண்டு வரும்.

மூன்றாம் குறை நம் வட்டாரத்தில் பெரிது. சேலத்துச் சுண்ணாம்புக் கரடு என்னும் இடத்திலே வெட்டியெடுக்கப்பெற்ற மாக்னசைட்டு, மக்னீசியத்தின் கார்பனேட்டு. சங்ககிரிப் பக்கத்திலே கிடைப்பது சுண்ணாம்புக்கல். அது கால்சியத்தின் கார்பனேட்டு. பொதுவாகவே, பாறைக்கடியில் நெடுங்காலம் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்கள் மிகுந்திருக்கும். வீட்டிலே வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீரைச் சூடாக்கும்போது கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட்டு அடியிலே படிகிறது. அண்டாவின் அடியில் நிகழும் அதே செயல்தான் எஞ்சினின் சுவரிலும் நிகழ்கிறது.

இரும்பைக் காட்டிலும் அப்பொருக்கு வெப்பத்தைக் கடத்துவது பல பத்து மடங்கு குறைவு. ஆகவே, எஞ்சினுக்கு அது கம்பளி போர்த்தியது போலாகும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் ஒரு மெல்லிய படலம், சுவரின் வெப்பத்தை நீரிடம் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. ஒரு வாளி நீரிலே இருக்கும் உப்பு சிறிதளவுதான். ஆனால் நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாவதில்லை. ஒவ்வொரு நாளும் ஊற்றிய வாளியின் உப்பு அங்கேயே தங்கித் தங்கிச் சேர்கிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். இங்கே சிறுதுளி பெரும்பாறையாயிற்று. நீரில் கலந்துள்ள குளோரைடு உப்புக்களோ உலோகத்தை அரிப்பதற்கும் துணைபுரிகின்றன.

ஆகவே, ரேடியேட்டருக்கு உரியது காய்ச்சி வடித்த நீரே. அல்லது உப்பு நீக்கிய நீர். பேட்டரிக்கென்று கடையில் விற்கும் தண்ணீர் அத்தகையது. ஆயினும் அந்நீரை மட்டும் ஊற்றினாலும் போதாது. பொருக்குப் படியாது, ஆனால் துரு பிடிக்கும். இந்த இடத்தில்தான் கூலன்ட் என்று கடைகளில் விற்கும் குளிர்விப்புத் திரவம் துணைக்கு வருகிறது.

கூலன்ட்டின் பெரும்பகுதி எதிலீன் கிளைக்கால் என்னும் சேர்மம். இதனை முதன்முதலாக 1856ஆம் ஆண்டில் உண்டாக்கியவர் சார்லஸ் அடால்ப் உர்ட்ஸ் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி என்பர். இதன் கொதிநிலை 197 பாகை. குளிர்நாட்டவர் இதனை நீர் உறையாமல் இருப்பதற்காகக் கலந்தார்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். விரிந்தால் வார்ப்பிரும்பும் பிளக்கும். "நம் ஊரிலே பனிக்கட்டியே இல்லையே, நமக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம், பல ஓட்டுநர்களும் அதையே கேட்கிறார்கள். எங்கள் வட்டாரத்து லாரிகள் வடநாட்டுக்கும் செல்வன; குளிர்காலத்தில் இமயமலைச் சாரலில் ஓரிரவு நிற்க நேர்ந்தாலும் அக்கேடு வரக்கூடும். அஃதொருபுறமிருக்க, வெயில் காயும் நம் சமவெளிக்கும் இத்திரவத்தால் இரு பயன்கள் உண்டு. நீரோடு கலந்தால் கொதிநிலை உயர்கிறது. அதனுடன் சேர்க்கப்பட்டுள்ள துருத்தடுப்புப் பொருள்கள் உலோகத்தைக் காக்கின்றன. நம் ஊருக்கு இரண்டாவதே பெரும்பயன்.

அப்படியாயின் நீரே இல்லாமல் கூலன்ட்டை மட்டும் நிரப்பினால் இன்னும் நன்றல்லவா என்று கருதுவோரும் உளர். அது தவறு. கிளைக்காலின் வெப்பஞ்சுமக்கும் திறன் நீரின் திறனில் ஐந்தில் மூன்று பங்கினும் சற்றுக் குறைவு. 1930களில் இங்கிலாந்தில் உருவான ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்னும் புகழ்பெற்ற விமான எஞ்சினில் முதலில் தூய கிளைக்காலையே பயன்படுத்தினர். பிற்பாடு அதனைக் கைவிட்டு, நீர் 70 பங்கும் கிளைக்கால் 30 பங்குமாகக் கலந்து, அழுத்தத்தில் வைத்துப் பயன்படுத்தினர். இன்னுமொரு வேடிக்கை கேளுங்கள். தூய கிளைக்கால் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 13 பாகையிலே உறைந்துவிடும். நீரோ சுழியிலே உறையும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால், சுழிக்குக் கீழே 37 பாகை வரை உறைவதில்லை! தனித்தனியே இருவருக்கும் இல்லாத ஆற்றல் கூட்டுறவிலே பிறக்கிறது. அச்சரிபாதிக் கலவை திறந்த கலத்திலே ஏறத்தாழ 107 பாகையில் கொதிக்கும்.

மலையேறும் லாரிக்கு இந்த ஏழு பாகையும் ஏன் முக்கியம் தெரியுமா? உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது; கொதிநிலையும் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் தாழ்கிறது. கொல்லிமலையின் மேற்பரப்பு 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 96 அல்லது 97 பாகையிலேயே கொதித்துவிடும். இதனை ஈடுசெய்யவே ரேடியேட்டர் மூடியை விசைவில்லோடு அமைத்திருக்கிறார்கள். அது உள்ளேயுள்ள அழுத்தத்தை உயர்த்திக் கொதிநிலையை ஏற்றுகிறது. வளிமண்டல அழுத்தத்தைவிட அரைமடங்கு மிகுந்தால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 112 பாகை. ஒரு மடங்கு மிகுந்தால் 120 பாகை. மூடியைத் திறந்த அக்கணமே அந்த அழுத்தம் அகல்கிறது. 100 பாகைக்கு மேற்பட்ட நீர் ஒரு நொடியிலே ஆவியாகப் பொங்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த இளைஞன் கையைச் சுட்டது இந்தப் பௌதிகமே. எஞ்சினை நிறுத்தி, மேல்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே மூடியைத் தொடவேண்டும். பின்னும் எஞ்சின் சூடாயிருக்கும்போது குளிர்ந்த நீரைக் குபீரென ஊற்றலாகாது. சூடான கண்ணாடி விளக்கில் நீர்த்துளி பட்டால் என்னவாகுமோ, அதுவே வார்ப்பிரும்புக்கும் நேரும்.

இனி, பழைய லாரிக்கு எத்தகைய கூலன்ட்டைத் தேர்ந்தெடுப்பது? கடையிலே பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பல நிறங்களில் அவை நிற்கும். நிறத்தைக் கண்டு வாங்குதல் பேதைமை. நிறம் வெறும் சாயம். அதனை எல்லா நிறுவனங்களும் ஒரே விதமாக இடுவதில்லை. பார்க்கவேண்டியது உறையில் அச்சிட்டுள்ள எழுத்து. துருத்தடுப்புப் பொருள்களை ஒட்டிக் கூலன்ட்டுகள் இரு பெரும் வகையின. சிலிக்கேட்டு, பாஸ்பேட்டு, நைட்ரைட்டு போன்ற கனிம உப்புக்களைக் கொண்டவை பழைய வகை. ஏறத்தாழ இரண்டாண்டுகளில் இவற்றை மாற்றிவிடவேண்டும். கரிம அமிலங்களைக் கொண்டவை புதிய வகை; இவை ஐந்தாண்டுகள் வரையும் உழைக்கும். இரண்டும் கலந்த கலப்பு வகையும் உண்டு.

பழைய லாரியின் ரேடியேட்டர் பெரும்பாலும் தாமிரமும் பித்தளையும் கொண்டு, ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டது. எஞ்சினோ வார்ப்பிரும்பு. இக்காலத்து வண்டிகளில் அலுமினிய ரேடியேட்டர் மிகுதி. ஆகையால், அலுமினியத்தை மட்டும் கருதிச் செய்த கூலன்ட்டு பழைய வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்லமுடியாது. வார்ப்பிரும்பு, தாமிரம், பித்தளை, பற்று ஆகியவற்றுக்கு ஏற்றது என்றும், கனரக டீசல் எஞ்சினுக்கு உரியது என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லியிருப்பதே முதல் சான்று.

கனரக டீசல் எஞ்சினுக்கென ஏன் தனியே சொல்லுகிறேன்? சில எஞ்சின்களில் சிலிண்டரின் உட்குழாயாகிய லைனரின் வெளிப்புறம் நேரே நீரில் நனைந்திருக்கும். எரிபொருள் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் லைனர் அதிரும். அதிர்வினால் அதன் வெளிப்புறத்தில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி உடனே நொறுங்கும். ஒவ்வொரு குமிழியின் நொறுங்கலும் ஊசியால் குத்துவது போன்றது. நாளடைவில் லைனரிலே துளைவிழுந்து, நீர் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். நைட்ரைட்டு போன்ற சேர்மங்கள் அவ்வுலோகத்தின்மேல் மெல்லிய காப்புப் படலமொன்றை அமைத்து அதனைத் தடுக்கின்றன. வெறுந்தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு இக்காப்பு இல்லை.

இரு வேறு வகைக் கூலன்ட்டுகளை ஒன்றாகக் கலக்கவும் கூடாது. ஒன்றன் காப்பை மற்றொன்று கெடுக்கும். சிலபோது குழம்புபோல் திரண்டு குழாயை அடைக்கும். பழைய வகையிலுள்ள பாஸ்பேட்டு, கடின நீரிலுள்ள கால்சியத்தோடு கூடினால் அதுவும் படிவாகிவிடும். விலைகொடுத்து நல்ல கூலன்ட்டை வாங்கி, அதிலே ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலப்பது, பாலிலே புளியைக் கரைப்பது போன்றதே.

கலக்கும் அளவுக்கு வருவோம். கூலன்ட்டு இரு விதமாக விற்கப்படுகிறது. ஒன்று, நீர் கலந்து நேரே ஊற்றுவதற்கு ஆயத்தமாயிருப்பது; அதில் மேலும் நீர் சேர்க்கலாகாது. மற்றொன்று, நாம் நீர் கலக்கவேண்டிய செறிந்த திரவம். அதற்குப் பொதுவாகச் சரிபாதி அளவு நன்று. மூன்றிலொரு பங்குக்குக் குறைந்தால் துருத்தடுப்புப் போதாது. நூற்றுக்கு 60 பங்குக்கு மேற்பட்டால் வெப்பஞ்சுமக்கும் திறன் குன்றும்.

இங்கே ஒரு கணக்கு. மாணவர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரியின் நீர்க்கொள்ளளவு 24 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரைப் பலமுறை கழுவிவிட்டு, இறுதியாக வடிநீரால் அலசி, கீழ்க்குழாயைத் திறந்து வடிக்கிறோம். ஆனாலும் எஞ்சினின் உட்குடைவுகளில் 6 லிட்டர் நீர் தங்கிவிடுகிறது. இப்போது வெளியிலே சரிபாதியாகக் கலந்த கலவையை 18 லிட்டர் ஊற்றினால் என்னவாகும்? அதில் கூலன்ட்டு 9 லிட்டர். மொத்தம் 24இல் 9. அதாவது நூற்றுக்கு 37½ பங்கு. நாம் எண்ணியதோ 50. ஆகையால், முதலில் செறிந்த கூலன்ட்டை 12 லிட்டர் ஊற்றவேண்டும். எஞ்சிய 6 லிட்டர் இடத்தை வடிநீரால் நிரப்பவேண்டும். உள்ளே தங்கிய 6, ஊற்றிய 6, ஆக நீர் 12, கூலன்ட்டு 12. சரிபாதி ஆயிற்று. எஞ்சினை ஓட்டி, உள்ளிருக்கும் காற்று வெளியேறிய பின், ஆறவைத்து, குறைந்த அளவை அதே கலவையால் நிரப்பவேண்டும்.

மற்றொரு கணக்கு. சரிபாதிக் கலவை நிறைந்த அதே வண்டியில் ஓர் ஒழுக்கு. மாதம் 4 லிட்டர் ஒழுகுகிறது. உரிமையாளர் ஒவ்வொரு முறையும் வெறுநீரை ஊற்றி நிரப்புகிறார். ஒவ்வொரு முறையும் கூலன்ட்டில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. 12 லிட்டர் 10 ஆகும். 10 லிட்டர் 8⅓ ஆகும். மூன்றாம் மாதம் ஏறத்தாழ 7. நான்காம் மாதம் 6 லிட்டருக்கும் குறைவு. நான்கே மாதங்களில் காப்பு பாதியாயிற்று! கண்ணுக்கோ ரேடியேட்டர் நிறைந்தே தோன்றும். நீரின் நிறமும் ஓரளவு இருக்கும். ஆகையால், ஒழுகிய குறையைக் கலவையாலேயே நிரப்பவேண்டும். அதற்கும் முன்னே, ஒழுக்கை அடைக்கவேண்டும். வண்டி "தண்ணீர் குடிக்கிறது" என்று சொல்லித் திருப்தி அடைதல் கூடாது. எந்த வண்டியும் காரணமின்றிக் குடிப்பதில்லை.

எங்கள் வட்டாரத்தில் வழங்கும் தவறான பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அது குளிர்ந்த எஞ்சின் தக்க வெப்பம் பெறும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, பின்னர் வழிவிடும் வாயிற்காவலன். காவலனை நீக்கினால் எஞ்சின் வெதுவெதுப்பிலேயே ஓடும், டீசல் செம்மையாக எரியாது, செலவு மிகும், சிலிண்டர் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்குவழியே திரும்பி, சூடு முன்னிலும் மிகும். பழுதான தெர்மோஸ்டாட்டை மாற்றலாம்; நீக்கலாகாது.

இறுதியாக, மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. உடலினுள்ளே அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களாகத் தங்கி, உயிருக்கே உலைவைக்கும். இனிப்பாயிருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கன்றும் ஆடும் குடித்துவிடக்கூடும். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பட்டறையிலே வடித்த பழைய கூலன்ட்டைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். தண்ணீர்ப் புட்டியிலோ சோடாப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். மூடியுள்ள கேனில் அடைத்து, பெயரெழுதி ஒட்டி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால், நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

அந்த லாரி செம்மையாகி மீண்டும் சாலைக்கு வந்த நாளில் என்னையும் பட்டறைக்கு அழைத்திருந்தார்கள். ரேடியேட்டரைப் புதிய குழாய்களிட்டுக் கட்டியிருந்தனர். எவ்வளவு கூலன்ட்டு, எவ்வளவு நீர் என்று பேச்செழுந்தது. நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த இளைஞன், தழும்பேறிய வலக்கையில் சாக்குக்கட்டி ஒன்றை எடுத்து, லாரியின் மரப்பலகையிலே எழுதினான்: உள்ளே 6, கூலன்ட்டு 12, வடிநீர் 6. "சரிங்களா சார்?" என்று கேட்டான். கணக்கிலே முப்பத்தைந்துக்கு மேல் என்னிடம் அவன் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. "சரி" என்றேன், அதற்குமேல் எனக்குப் பேச்செழவில்லை.

இப்போது அவனே அந்த லாரியை ஓட்டுகிறான். இருக்கைக்குப் பின்னால் வெள்ளைக் கேன் ஒன்று எப்போதும் இருக்கிறது. அதன்மேல் அவன் கையெழுத்தில், "சரிபாதி கலந்தது. குடிக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. மலையேறுமுன் காரவள்ளியிலே வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை தேநீர் அருந்திவிட்டு, அதன் பிறகே மூடியைத் திறந்து பார்க்கிறான்.

மாணவர்களே, நாளை வகுப்பிலே உங்கள் ஆசிரியர் கடின நீரைப் பற்றிச் சொல்லும்போது, "ஐயா, இது எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுவிடுங்கள்.